குடியிருந்த வீடும் கொடுபடாத வாடகையும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதவை என்பது பள்ளிப் பருவத்திலேயே நாம் படித்த பாடம். முதல் இரண்டையும் விலை கொடுத்து வாங்கிவிடுகிறோம். மூன்றாவதை விலைக்கு வாங்க இயலாதவர்கள் வாடகைக்குக் கொள்கிறார்கள். கடையில் வாங்கிய பொருள் வாங்கியவருக்கே சொந்தம். வாடகை வீடோ அப்படியன்று. வீடு ஒருவருடையது, அதில் நடக்கும் வாழ்க்கை மற்றொருவருடையது. இரு தரப்பாரும் ஒத்துப்போகும் வரையில் இனிமைதான். குடியிருந்தவர் வாடகைப் பாக்கியும் வைத்து, வீட்டையும் சேதப்படுத்திவிட்டுச் சென்றபின், அந்தப் பணத்தை எப்படிப் பெறுவது என்ற கேள்வி எழும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. அந்தக் கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. விடை தேடி என் தாயார் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நடந்தார். அந்த நடையில் பெரும்பகுதி நானும் உடன் சென்றேன். அதில் நான் கற்றவற்றை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிச் சில சொற்கள். அரியலூரும் பெரம்பலூரும் முன்பு திருச்சி மாவட்டத்தில் அடங்கியிருந்தவை. 1995ஆம் ஆண்டு பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001இல் அரியலூர் அதிலிருந்து பிரிந்தது. 2002இல் மீண்டும் அதனோடு சேர்ந்தது. 2007 நவம்பர் 23ஆம் நாள் மறுபடியும் தனி மாவட்டமாக உருவெடுத்தது. மாவட்டம் பிறந்தால் அலுவலகங்கள் பிறக்கும். அலுவலகங்கள் பிறந்தால் வெளியூரிலிருந்து அலுவலர்கள் வருவார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும். அரியலூரில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. பூமிக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லும், அதை நம்பி எழுந்த சிமெண்டு ஆலைகளும், கல் ஏற்றும் லாரிகளும் பல ஊர் மக்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. திண்ணையை மறித்து அறையாக்கியவர் உண்டு. மாட்டுக் கொட்டகையை இடித்துப் போர்ஷன் கட்டியவரும் உண்டு. இவர்கள் பெருஞ்செல்வர்கள் அல்லர். ஒரு வீட்டு வாடகையில் மளிகைக் கடன் அடைப்பவர்கள். எங்கள் குடும்பமும் அவ்வகையைச் சேர்ந்ததே.

என் தந்தையார் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதியவர். ஆயுட்காலச் சேமிப்பையெல்லாம் போட்டு, நாங்கள் குடியிருக்கும் வீட்டை ஒட்டி ஒரு போர்ஷன் கட்டினார். 2017இல் அதற்கு ஒரு குடும்பம் வந்தது. கணவர் சொந்தமாக ஒரு டிப்பர் லாரி வைத்துச் சுண்ணாம்புக்கல் ஓட்டி வந்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உடன் இருந்தனர். மாத வாடகை 4,000 ரூபாய். முன்பணம் 12,000 ரூபாய். வழக்கம்போல் முத்திரைத்தாளில் 11 மாதத்திற்கு ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிய வேண்டும் என்பதால்தான் நம் நாட்டில் இந்தப் பதினோரு மாதக் கணக்கு வழங்கி வருகிறது. மறு ஆண்டு என் தந்தையார் காலமானார். அதன்பின் தையல் வேலையும் அந்த நான்காயிரமுமே எங்கள் வருவாய்.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. லாரிகள் நின்றன. ஏப்ரல் முதல் ஜூலை வரை வாடகை வரவில்லை. ஆகஸ்டு முதல் நவம்பர் வரை ஒழுங்காக வந்தது. டிசம்பரிலிருந்து மீண்டும் நின்றது. 2021 மார்ச் இறுதியில் ஒருநாள் இரவோடு இரவாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். சாவி மட்டும் பக்கத்து வீட்டில் இருந்தது.

கதவைத் திறந்து பார்த்த என் தாயார் ஒன்றும் பேசவில்லை. முன் அறையில் லாரி டயரும் ஜாக்கியும் போட்டு வைத்திருந்த இடத்தில் சிவப்புத் தரை பெயர்ந்து கிடந்தது. சமையல் மேடையின் கடப்பைக் கல் இரண்டாகப் பிளந்திருந்தது. கை கழுவும் தொட்டி உடைந்திருந்தது. பின்கதவுத் தாழ்ப்பாள் இல்லை. சன்னல் கண்ணாடிகள் இல்லை. மின்விசிறி இருந்த இடத்தில் கொக்கி மட்டும் தொங்கியது. மின்கட்டணப் பாக்கி 1,860 ரூபாய். கொத்தனாரையும் தச்சரையும் அழைத்துக் கேட்டபோது, வெள்ளையடிப்பு உட்பட 21,450 ரூபாய் ஆகும் என்றார்கள். வீட்டைச் சரிசெய்யாமல் அடுத்தவருக்கு விட முடியாது. என் தம்பிக்குப் பாலிடெக்னிக்கில் கட்டணம் கட்டவேண்டிய நேரம் அது. அம்மா தம் இரண்டு வளையல்களையும் அடகு வைத்தார்.

ஊர் என்றால் ஆலோசனைக்குப் பஞ்சமா? “பெரம்பலூரில் மாமியார் வீட்டுப் பக்கம் இருக்கிறானாம், போய் வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவோம்” என்றார் என் சித்தப்பா. “காவல் நிலையத்தில் ஒரு மனுக் கொடுங்கள்” என்றார் எதிர்வீட்டுக்காரர். “ஆற்றோடு போனதாக நினைத்துக்கொள்” என்றார் என் பாட்டியார். மூன்றையும் அம்மா கேட்டுக்கொண்டார், மூன்றையும் செய்யவில்லை. பிறர் வண்டியைப் பிடித்து வைப்பது நம்மையே குற்றவாளியாக்கும். வாடகைப் பாக்கி உரிமையியல் சார்ந்தது. காவல் நிலையத்தில் தீர்வதன்று. ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பதன்றோ நம் பழமொழி! எனவே, எவ்வளவு போயிற்று என்று அளப்பதிலிருந்து தொடங்கினார்.

அளப்பதற்கு ஒரு கருவி இருந்தது. அது என் தந்தையாரின் நாற்பது பக்க நோட்டு. கணக்கு எழுதியே பழகிய கை அல்லவா? குடி வந்த நாளில் வீட்டைச் சுற்றிப் பார்த்து ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதியிருந்தார். “முன் அறை சிவப்புத் தரை, கீறல் இல்லை. சமையல் மேடைக் கல், நல்ல நிலை. மின்விசிறி 1. சன்னல் கண்ணாடி சரி. குளியலறைக் கதவு, அடிப்பக்கம் ஊறியிருக்கிறது.” கீழே குடிவந்தவரின் கையெழுத்தும் தேதியும் இருந்தன.

2022 இறுதியில் அம்மாவும் நானும் அந்த நோட்டோடு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சென்றோம். அப்போது நான் முதலாண்டு மாணவி. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்கள் வருமான வரம்பு எதுவுமின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள் என்பதை அங்கேதான் அறிந்தேன். எங்களுக்கு விளக்கம் சொன்ன வழக்கறிஞர் மூன்று செய்திகளைப் பொறுமையாகச் சொன்னார்.

முதலாவது, எது சேதம், எது தேய்மானம் என்பது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவு, குடியிருப்பவர் வீட்டைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தரவேண்டும் என்கிறது. ஆனால், இயல்பான தேய்மானத்திற்கும் தடுக்கவியலாத இயற்கைச் சக்தியால் நேர்வதற்கும் அவர் பொறுப்பல்லர் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இதை இன்னும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. கட்டடத்தின் பெரிய பழுது, வெள்ளையடித்தல், கதவு சன்னலுக்கு வண்ணம் பூசுதல், குழாய் மாற்றுதல், மின்கம்பி இழுத்தல் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. தண்ணீர்க் குழாய்த் திருகு, கை கழுவும் தொட்டி, சுவிட்சு, தாழ்ப்பாள், பூட்டு, சன்னல் கண்ணாடி போன்ற அன்றாடப் புழக்கப் பொருள்களின் பழுது குடியிருப்பவர் பொறுப்பு.

இரண்டாவது, முன்பணம். வேறு வகையில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்பதும், காலி செய்தபின் ஒரு மாதத்திற்குள், தரவேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதிகள். ஆகவே முன்பணம் வீட்டுக்காரருக்குக் கிடைத்த பரிசு அன்று. கணக்கில் வரவு வைக்கவேண்டிய தொகை.

மூன்றாவது, காலம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி வாடகைப் பாக்கிக்கு மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரவேண்டும். ஒவ்வொரு மாத வாடகைக்கும் அது தரவேண்டிய நாளிலிருந்து தனித்தனியே காலம் ஓடும். பெருந்தொற்றுக் காலத்தை முன்னிட்டு, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களை இக்கணக்கிலிருந்து விலக்கும்படி உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 10இல் ஆணையிட்டதால் எங்களுக்குச் சற்று மூச்சுவிட இடம் கிடைத்தது. “கெடு முடிவதற்குள் அவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். பணம் உடனே வராவிட்டாலும் அந்தக் கடிதத்தை வாங்குங்கள்” என்றார் வழக்கறிஞர்.

அன்றிரவு அம்மா பட்டியலை மீண்டும் எழுதினார். வெள்ளையடிப்பு 9,000 நம் பொறுப்பு என்பதால் அடிக்கப்பட்டது. குளியலறைக் கதவு 2,300. அப்பாவின் நோட்டே அது முன்பே ஊறியிருந்தது என்று சொன்னதால் அதுவும் அடிக்கப்பட்டது. புது மின்விசிறி 1,800 ரூபாய். போனதோ பழைய விசிறி, ஆகவே பாதி விலை 900 மட்டும் சேர்க்கப்பட்டது. தரை 3,200, மேடைக்கல் 2,400, தொட்டி 1,500, தாழ்ப்பாள் 650, கண்ணாடி 600. ஆக, சேதம் 9,250 ரூபாய்.

வாடகை எட்டு மாதம் நின்றிருந்தது. ஆனால், தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகையை வீட்டுக்காரர்கள் கேட்கக்கூடாது என்று 2020 மார்ச் 29இல் மத்திய உள்துறை அமைச்சகம் ஆணை பிறப்பித்திருந்ததை நான் படித்துச் சொன்னேன். “அவர் லாரி முதலாளியா, தொழிலாளியா என்று நாம் வாதாட வேண்டாம், அந்த மாதம் யாருக்குத்தான் வருமானம் இருந்தது?” என்று கூறி, ஏப்ரல் மாத வாடகையை அம்மா விட்டுவிட்டார். ஏழு மாதத்திற்கு 28,000. மின்கட்டணம் 1,860. சேதம் 9,250. ஆக மொத்தம் 39,110. முன்பணம் 12,000 கழித்தால் 27,110 ரூபாய்.

2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூருக்குப் பேருந்து ஏறினோம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வழியெல்லாம் மக்காச்சோளம் அறுத்த காடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அம்மா மடியில் பையை இறுகப் பிடித்திருந்தார். சண்டை வருமோ என்ற அச்சம் எனக்கு இருந்தது.

கதவைத் திறந்த அந்த அம்மையார் எங்களைக் கண்டதும் முகம் வெளுத்துப்போனார். பின்பு, “வாங்கக்கா, உட்காருங்க” என்று பாயை விரித்தார். அவருடைய கணவர் உள்ளேயிருந்து வந்தார். சொந்த லாரி அவரிடம் இல்லை. தவணை கட்ட முடியாமல் நிதி நிறுவனம் எடுத்துச் சென்றுவிட்டதாம். வேறொருவர் வண்டியில் ஓட்டுநராகப் போய்க்கொண்டிருந்தார்.

“வாடகையை நான் இல்லைன்னு சொல்லலக்கா. ஆனா தரை நாங்க வரும்போதே வெடிச்சிருந்துச்சு” என்றார்.

அம்மா மறுத்துப் பேசவில்லை. நோட்டையும் பட்டியலையும் அவர் கையில் கொடுத்து, “நீங்களே படிங்க தம்பி” என்றார். அவர் தம் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தார். பின்பு பட்டியலில் அடித்திருந்த வரியைக் காட்டி, “கதவை ஏன் அடிச்சிட்டீங்க?” என்று கேட்டார்.

“அது நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஊறித்தான் இருந்துச்சு. அவர் எழுதி வச்சிருக்காரே, நான் எப்படிக் கேட்கிறது?” என்றார் அம்மா.

அதன்பின் தரையைப் பற்றி அவர் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து அவருடைய மனைவிதான், “2019ல கிணத்து மோட்டாருக்குக் காயில் கட்ட நாங்கதானே 1,800 கொடுத்தோம்?” என்று நினைவூட்டினார். மோட்டார் வீட்டுக்காரர் பொறுப்பு. காயில் கட்டியவர் எங்கள் தெருவில் இருப்பவர். தொலைபேசியில் கேட்டபோது உண்மை என்றார். அம்மா அதையும் கழித்தார். மிச்சம் 25,310 ரூபாய்.

அவ்வளவு தொகையை ஒரேயடியாகத் தர அவரால் இயலாது என்பது அந்த வீட்டைப் பார்த்தாலே தெரிந்தது. அன்றைக்கு 1,310 ரூபாய் கொடுத்தார். மீதி 24,000 ரூபாயை மாதம் 1,500 வீதம் பதினாறு மாதத்தில் தருவதாக ஒரு வெள்ளைத்தாளில் எழுதினோம். பாக்கி எந்தெந்த மாதத்திற்கு, சேதம் எதற்கு, கழித்தது எதை என்பதெல்லாம் அதில் இருந்தன. இருவரும் கையெழுத்திட்டார்கள். ஒரு படி அவரிடம், ஒரு படி எங்களிடம். தேநீர் குடித்துவிட்டுத்தான் வந்தோம்.

இத்துடன் எல்லாம் நலமாக முடிந்தது என்று எழுதினால் அது சிறுகதையாகிவிடும். பதினொரு தவணை வந்தது; 16,500 ரூபாய். 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது. தொலைபேசி எடுக்கப்படவில்லை. அம்மா சினம் கொள்ளவில்லை. கடிதத்தின் படியை இணைத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தார். வழக்குத் தொடரும் முன்பே இவ்வாறு மனுக் கொடுத்துச் சமரசம் தேடலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. அதன்மேல் மேல்முறையீடு இல்லை. அழைப்புக் கிடைத்ததும் அவர் வந்தார். மூத்த பிள்ளைக்கு மருத்துவச் செலவு என்றார். மீதியிருந்த 7,500 ரூபாயில் 1,500ஐ அம்மா விட்டுக்கொடுக்க, 6,000 ரூபாயை இரண்டு தவணையில் தர ஒப்புக்கொண்டார், தந்தும் விட்டார். 25,310 ரூபாயில் 23,810 கைக்கு வந்தது. வளையல்கள் வீடு திரும்பின.

நிற்க. இதிலிருந்து நான் எண்ணிப் பார்ப்பது என்ன? கடிதமும் சட்டமும் இல்லாமல் நல்ல மனம் மட்டும் இருந்திருந்தால் பணம் வந்திராது. சட்டம் மட்டும் இருந்து, அம்மா அந்தக் கதவுக்கும் விலை கேட்டிருந்தால் கையெழுத்து வந்திராது. எதிராளிக்குச் சாதகமான வரியையும் மறைக்காமல் காட்டும் கணக்குக்கே வலிமை உண்டு. வாடகைப் பாக்கி வைத்தவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் அல்லர். வீட்டுக்காரர் எல்லாரும் பணக்காரரும் அல்லர். இரு பக்கமும் வறுமை நிற்கும்போது, நடுவில் ஓர் எழுதிய தாள் நிற்பது இரு பக்கத்திற்கும் நல்லது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வெள்ளையடிப்பு என்றும் பழைய கதவு என்றும் காரணம் காட்டி முன்பணம் முழுவதையும் விழுங்கிவிடும் வீட்டுக்காரர்களும் உண்டு. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், பெரும்பாலான வாடகை வீடுகளின் முன்பணத்தை அரசு ஒப்பிய பாதுகாப்புத் திட்டம் ஒன்றின் கீழ் கொண்டுவருவது கட்டாயமாயிற்று. காலி செய்யும்போது சச்சரவு வந்தால், குடி வந்த நாளில் எழுதிய பொருட்பட்டியலை வைத்தே நடுவர் தீர்வு சொல்கிறார். செல்வம் மிகுந்த நாட்டிலும் தீர்ப்பு அந்தப் பட்டியலைச் சார்ந்தே நிற்கிறது என்பதை எண்ணும்போது, உரக்கடைக் கணக்கர் ஒருவரின் நாற்பது பக்க நோட்டின் அருமை விளங்குகிறது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் இன்று வாடகை அறையில் தங்கிப் படிக்கிறோம். நாளை வேலை கிடைத்து வேற்றூரில் குடிபுகுவோம். சிலர் வீடு கட்டி வாடகைக்கும் விடுவோம். எந்தப் பக்கத்தில் இருந்தாலும் சில வழக்கங்களைக் கைக்கொள்வோம். ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, புதிய சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவோம். வாடகைக்கு ரசீது வாங்குவோம்; கேட்காமலே கொடுப்போம். குடி புகும் நாளில் இரு தரப்பாரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்திடுவோம். கைப்பேசியில் படம் எடுக்கும் வசதி வந்துவிட்ட காலத்தில் இது அரைமணி நேர வேலை. தர இயலாத மாதம் வந்தால் ஒளியாமல் சொல்லுவோம். சொன்னவரை வீட்டுக்காரர் பொறுப்பதும், சொல்லாமல் போனவரைத் தேடி அலைவதும் உலகியற்கை. சாவி கைமாறும் நாளில் அதனோடு ஒரு தாளும் கைமாறட்டும். அந்தத் தாளில் உண்மை மட்டும் இருக்கட்டும்.